பெயர்க் குழுவும் ஆறு வினாடி மலையும்

மலைக்காரருடைய மச்சானின் பெயர் திரையில் வந்துவிட்டது. மலைக்காரரின் பெயர் வரவில்லை. பதினோரு வருடமாகச் சினிமாவுக்கு மலை வரைந்து கொடுத்தவருக்குக் கிடைக்காத பாக்கியம், ஒரே ஒரு படத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய் இறக்கிய மனைவியின் தம்பிக்குக் கிடைத்துவிட்டது. ‘உணவு ஏற்பாடு’ என்று ஒரு வரி, அதன் கீழே அவன் பெயர், தலைப்பெழுத்தோடு. அவன் அதைக் கைபேசியில் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினான். கைபேசி இல்லாத பெரியப்பாவுக்கு வண்டி எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டினான்.

மலைக்காரர் ‘ரொம்ப சந்தோஷம்டா’ என்று பதில் போட்டுவிட்டு, குளியலறைக்குப் போய் முகத்தை மூன்று தடவை கழுவிக்கொண்டார்.

“ஒரு பேரு. அதுக்குப் போயி இவ்வளவு புழுங்குறீங்களே” என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்ப்பவள். “என் பேரு ஒரு நாளைக்கு நாப்பது ரிப்போர்ட்டுல வருது. யாரு படிக்கிறா? சக்கரை எவ்வளவுன்னு பாத்துட்டு மடிச்சு வச்சுக்கிறாங்க. எனக்கென்ன குறைஞ்சு போச்சு?”

“உனக்குச் சொன்னா புரியாது” என்றார் அவர். புரிந்துதான் இருந்தது அவளுக்கு. அதனால்தான் மேலே பேசாமல் போய்விட்டாள்.

மலை வரைகிறவர் என்றதும் தூரிகையும் வண்ணக் கிண்ணமும் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம். சினிமாவில் ராஜா கோட்டை மேல் நின்று தன் நாட்டைப் பார்க்கிறார் அல்லவா, அவர் உண்மையில் நிற்பது ஏதாவது ஒரு கார் நிறுத்துமிடத்தில், ஒரு மரப் பலகையின் மேல். முதுகுக்குப் பின்னால் நீலத் துணி கட்டியிருப்பார்கள். அந்தத் துணியையும் அதைச் சுற்றித் தெரிகிற கண்றாவியையும் மறைத்து, அங்கே மலையோ கடலோ நகரமோ இருப்பதுபோலக் கணினியில் வரைந்து ஒட்டுவதுதான் இவருடைய வேலை. நிறுவனத்தில் இந்த வேலை செய்பவர்கள் பன்னிரண்டு பேர். யார் எதை வரைகிறாரோ அதுவே அவருக்குப் பெயர். கடல்காரி, நகரத்தார், காட்டுக்காரர். மலை இவருடையது.

இந்தப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து, ஒரு படத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் திரையில் இடம். மீதி இடங்கள் என்ன ஆயின என்று கேட்டால், நிறுவன முதலாளி, முதலாளியின் மனைவி, முதலாளி மனைவியின் யோகா ஆசிரியர் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். மிஞ்சும் அந்த ஒற்றை இடத்தை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யப் பெயர்க் குழு என்று ஒன்று உண்டு. அதில் தலைவர், செயலாளர் அம்மாள், உறுப்பினர் என்று மூன்று பேர். எல்லாப் படத்திலும் ‘பெயர்த் தேர்வு’ என்ற தலைப்பின் கீழ் மூன்று பேருடைய பெயரும் தவறாமல் வரும். அதற்குத் தேர்வு கிடையாது.

குழுவிடம் ஒரு கொள்கை இருந்தது. பின்னணி ஓவியம் என்பது ஓவியம் என்றே தெரியக்கூடாது. பார்ப்பவர்கள் அங்கே நிஜமாகவே மலை இருந்தது என்று நம்பிவிட்டுப் போகவேண்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. மலைக்காரரைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஆனால் குழுவுக்குத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான் என்பதால், குரங்கு தேங்காயைக் கட்டிக்கொண்டதுபோல இதை விடாமல் பிடித்துக்கொண்டு, விதிகள், உபவிதிகள், மதிப்பெண், படிவம் என்று பதினான்கு வருடத்தில் ஒரு கட்டடமே எழுப்பிவிட்டார்கள். யாருடைய வேலை குறைவாகத் தெரிகிறதோ அவருக்குப் பெயர். விண்ணப்பப் படிவத்தின் ஐந்தாம் கேள்வி இப்படி இருந்தது: ‘தாங்கள் செய்த வேலை யாது? குழுவினர் கண்டுபிடிக்க இயலாத வண்ணம் தெளிவாக விளக்குக.’

முதல் வருடம் மலைக்காரர் தெளிவாக விளக்கினார். ‘வேலை தெரிகிறது’ என்று திரும்பி வந்தது. அடுத்த வருடம் வெறுமனே விட்டார். ‘விவரம் போதாது’ என்று திரும்பி வந்தது. அதற்கடுத்த வருடம் ‘அது’ என்று ஒற்றைச் சொல் எழுதினார். அந்தப் படிவம் மட்டும் இரண்டாம் சுற்று வரைக்கும் போனது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் மேகத்தார் வந்து சேர்ந்தான்.

மேகம் வரைகிறவன். இருபத்தெட்டு வயது. வந்த ஆறாவது மாதமே ஜன்னலோர நாற்காலி அவனுக்குப் போனது. எட்டு வருடமாக அந்த நாற்காலிக்குக் காத்திருந்தவர் மலைக்காரர். மேகத்துக்கு வெளிச்சம் பார்க்கவேண்டுமாம். அப்படியென்றால் மலை என்ன இருட்டிலா முளைக்கிறது? போகட்டும். முதலாளி வரும்போதெல்லாம் அவன் தோளில்தான் தட்டினார். கடல்காரி ஊரிலிருந்து கொண்டுவந்த தின்பண்டத்தை முதலில் அவனுக்குத்தான் நீட்டினாள். அவனுக்குத் தலைமுடி வேறு அடர்த்தி.

ஆள் கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் மலைக்காரருக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். பாவி, நல்லவனாக இருந்தான். “அண்ணா, அண்ணா” என்று காலைச் சுற்றி வந்தான். இவருக்கு முதுகுவலி என்றால் தைலம் வாங்கி வந்தான். “உங்க பாறையைப் பாத்துதான்ணா நான் வெளிச்சம் போடவே கத்துக்கிட்டேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னான். மலைக்காரர் வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொல்லி, “எப்படிக் குத்திக் காட்டுறான் பாத்தியா” என்றார். இதில் குத்து எங்கே இருக்கிறது என்று அவள் யோசித்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அந்த வருடம் வந்தது ஒரு பெரிய ராஜா படம். அதில் மலைக்காரருக்குக் கிடைத்தது ஒரே காட்சி, ஆறு வினாடி. ராஜா கோட்டை உச்சியில் நின்று கையை நீட்டி, “இந்த மலைகள் உள்ளவரை என் குடி வாழும்” என்பார். அந்த மலைகளை மலைக்காரர் நான்கு மாதம் வரைந்தார். மூன்றாவது சிகரத்தில் பனி உருகி ஓடிய ஈரம் பாறையில் கறுப்பாக இறங்கியிருக்கும். அதன் அடியில் ஆடுகள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை. பாதை முடிகிற இடத்தில் ஒரு வீடு, கடுகளவுதான், அதன் கூரையிலிருந்து புகை. ஆறு வினாடியில் ஒருவன் கண்ணுக்கும் அது படாது. ஆனாலும் அந்த வீட்டில் ஆள் இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. சாயங்காலம் வீடு திரும்பியதும் மனைவி காப்பி கொடுத்துக்கொண்டே, “இன்னைக்கு அந்த வீட்டுல அடுப்புப் பத்த வச்சாங்களா?” என்று கேட்பாள். “காத்து மாறியிருக்கு, புகை இடது பக்கம் சாயுது” என்பார் அவர். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இவ்வளவு பேச்சு அவர்களுக்குள் நடந்ததே இல்லை.

“இந்தத் தடவை எனக்குத்தான். எனக்கில்லைன்னா வேற யாருக்கு?” என்றார். சொல்லும்போதே ஜன்னலோர நாற்காலி ஞாபகத்துக்கு வந்து காப்பி கசந்தது.

தேர்வு நாளன்று குழுவின் சிறிய திரையரங்கில், பன்னிரண்டு பேரில் வந்திருந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்னால் குழு. மலைக்காரரின் காட்சி ஓடியது. ராஜா கையை நீட்டினார். மலைகள் எழுந்து நின்றன.

“அடடா, என்ன மலை” என்றார் தலைவர்.

மலைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குள் செயலாளர் அம்மாள் பேனாவைத் திறந்தாள். “தலைவர் ‘அடடா’ சொல்லிட்டாங்க. பதிவு பண்ணிக்கிறேன். வேலை தெரிஞ்சிருக்கு. ‘என்ன மலை’ன்னு கேள்வி வேற கேட்டிருக்காங்க. அதுக்குத் தனியா அஞ்சு கழிக்கணும்.”

“அம்மா, அது பாராட்டுங்க” என்றார் மலைக்காரர் பின்வரிசையிலிருந்து.

“பாராட்டுன்னா பத்து கழிக்கணும்” என்றாள் அவள். அடித்துத் திருத்திக்கொண்டாள்.

அடுத்தது மேகத்தாரின் காட்சி. ராணி மாடத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறாள், புயல் வரப்போகிறது. குழு பார்த்தது. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தது. ஐந்து தடவை ஓடிய பிறகும் ஒருவருக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. வழக்கமாகத் தூங்கிவிடும் உறுப்பினர்கூட விழித்துக்கொண்டு, “இதுல வேலை எதுப்பா?” என்று கேட்டார்.

“பதினாலு வருஷத்துல இந்தக் கேள்வியை நாம கேட்டதே இல்லை” என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. நூற்றுக்கு நூறு.

மேகத்தார் தேர்வுக்கு வந்திருக்கவில்லை. அக்காவுக்குப் பிரசவம் என்று நான்கு நாளாக விடுப்பில் இருந்தான். திரும்பி வந்தவனிடம் மலைக்காரர் முதல் ஆளாகப் போய்க் கையைக் கொடுத்து, “ரொம்ப சந்தோஷம் தம்பி” என்றார். மச்சானுக்கு அனுப்பிய அதே சந்தோஷம்தான். “உங்களுக்குக் கிடைச்சிருக்கணும்ணா” என்றான் அவன். அந்த வார்த்தை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால் மலைக்காரர் ஒருவேளை ஆறியிருப்பார்.

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், மலைக்காரர் மேகத்தாரின் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார வசதியாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சல். அப்படி என்னதான் வரைந்து கிழித்திருக்கிறான் என்று அந்த ராணி காட்சியைத் திறந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கணினியில் வரையும்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தகடு அடுக்கியதுபோல லேயர் லேயராக வரைவார்கள். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். கண் திறந்திருந்தால் அந்த லேயர் தெரியும். கண்ணை அமுக்கி மூடினால் தெரியாது, கோப்பில் பத்திரமாக இருக்கும், படத்தில் மட்டும் வராது. வேலை செய்யும்போது நூறு தடவை மூடித் திறப்பார்கள். அனுப்பும்போது திறந்துவிட்டு அனுப்பவேண்டும். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்த அவசரத்தில், மேகத்தார் மேக லேயரின் கண்ணை மூடியபடியே அனுப்பிவிட்டு ஓடியிருக்கிறான். குழு ஐந்து தடவை பார்த்து உருகியது, படப்பிடிப்பு நடந்த அன்றைக்குத் தலைக்கு மேலே சும்மா இருந்த வெறும் வானம்.

மலைக்காரர் நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் அவர் பட்டதில்லை. அந்த வேகத்தில் கண்ணை அமுக்கித் திறந்து பார்த்தார்.

மேகம் வந்தது. அடிவயிறு கறுத்து, ஓரத்தில் மட்டும் மாலை வெயில் பிடித்து, உள்ளுக்குள் எங்கோ மழை தொடங்கிவிட்ட மேகம். ராணியின் முகத்தில் இருந்த பயத்துக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. மலைக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் தேர்ந்துவிட்டான், தன்னைவிடக்கூட. நாற்காலியும் தலைமுடியும் முதலாளி தோளில் தட்டியதும் இத்தனை நாளாகச் செய்ய முடியாததை அந்த மேகம் செய்தது. பொறாமை அவரை அங்கே உட்காரவிடவில்லை. கண்ணை மறுபடி மூடிவிட்டு எழுந்து நேராகப் பெயர்க் குழுவுக்குப் புகார் எழுதப் போனார்.

விசாரணைக்கு மேகத்தாரையும் கூப்பிட்டார்கள். மலைக்காரர் விவரத்தைச் சொல்லி முடித்ததும் பையன் முகம் வெளுத்துவிட்டது.

“என் மேகம் படத்துல இல்லையா?” என்றான். “மூணு வாரம் வரைஞ்சேன் சார். இப்பவே போயி ஆன் பண்ணி அனுப்பிடறேன்.”

“உக்காருப்பா” என்றார் தலைவர். “ஆன் பண்ணா பேரு போயிடும். பரவாயில்லையா?”

மேகத்தார் நின்றான். அவனுடைய அம்மாவிடம் பெயர் வரப்போவதைச் சொல்லிவிட்டான்போல. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தான். பிறகு உட்கார்ந்தான்.

தலைவர் மலைக்காரர் பக்கம் திரும்பினார். “உங்க புகாரு என்ன? இவரு வேலை படத்துல இல்லைங்கிறீங்க. சரி. இல்லாத வேலை தெரியுமா?”

“தெரியாதுங்க. ஆனா...”

“தெரியாதுல்ல? அப்ப கொள்கைப்படி இதுக்கு மேல ஒரு வேலை உண்டா? நீங்க எல்லாம் வேலை செஞ்சிட்டு அதை மறைக்கப் படாத பாடு படறீங்க. இவரு மறைக்கவேண்டிய அவசியமே இல்லாத நிலைக்குப் போயிட்டாரு.” தலைவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எழுந்து நின்றார். “நான் இந்த நாற்காலியில பதினாலு வருஷமா இருக்கேன். நான் என்ன வேலை செய்யறேன்னு இந்தக் கட்டடத்துல யாருக்காவது தெரியுமா? முதலாளிக்குத் தெரியுமா? என் வீட்டுக்காரிக்குத் தெரியுமா? எனக்கே சில நாள் சந்தேகம் வரும். ஆனா ஒரு படத்துலயாவது என் பேரு வராம இருந்திருக்கா? யோசிங்க. அதெல்லாம் ஒரு தவம்.”

உறுப்பினர் கைதட்டினார். செயலாளர் அம்மாள் ‘தவம்’ என்று குறித்துக்கொண்டு, “இதுல இன்னொண்ணும் இருக்கு சார்” என்றாள். “மேகம் இல்லைங்கிறதை இவரு கண்டுபிடிச்சிருக்காரு. அதனால இல்லாதது இப்ப ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சு. தொண்ணூத்தொம்பதா குறைக்கணும். அந்த ஒரு மார்க் நஷ்டத்துக்கு மலைக்காரரைத்தான் பொறுப்பாக்கணும்.”

அப்படியே தீர்மானம் ஆனது. அடுத்த நாள் சுற்றறிக்கையும் வந்தது. ‘கண் மூடி அணைத்து வைக்கப்பட்ட லேயர்களும் இனி பரிசீலிக்கப்படும். படம் ஒப்படைக்கும் வெள்ளிக்கிழமைக்குள், தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்ள விரும்புவோர் மறுபடி விண்ணப்பிக்கலாம்.’

அந்த இரண்டு நாளும் அலுவலகம் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. நகரத்தார் தன் நகரத்திலிருந்து தெருத் தெருவாக அணைத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரே ஒரு கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார், பாசம் போலிருக்கிறது. கடல்காரி கடலை அணைத்தாள். கப்பல் நீலத் துணிமேல் நின்றது. “நீலமாத்தானே இருக்கு, கடல்னு நெனச்சுப்பாங்க” என்றாள். கடல் என்று நினைத்தால் வேலை தெரிகிறது என்றுதானே அர்த்தம், கோபுரமும் தெரிகிறது என்று குழு இரண்டையும் திருப்பி அனுப்ப, இருவரும் எல்லாவற்றையும் மறுபடி திறந்துவைத்தார்கள். காட்டுக்காரர் எல்லாரையும்விடக் கெட்டி. தான் இந்தப் படத்தில் வேலையே செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அது உண்மையும்கூட, அவர் போன வருடமே வேறு படத்துக்கு மாறிவிட்டார். “செய்யாதவரு செய்யாம இருக்கிறதுல என்ன பெருமை?” என்று குழு அதைத் தள்ளிவிட்டது.

மலைக்காரர் இரண்டு நாளும் யாரோடும் பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி காப்பியை நீட்டி, “என்ன, அந்த வீட்டுல அடுப்பு எரியுதா?” என்றாள். “ம்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து காட்சியைத் திறந்தார். முதலில் வீட்டின் கண்ணை மூடினார், புகை போனது. பாதை போனது. ஈரம் போனது. மூன்று சிகரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பின்னால் பாதிக்கு நீலத் துணி, துணி முடிந்த இடத்தில் வரிசையாகக் கார்கள், ஒரு தண்ணீர் லாரி, அதன் சக்கரத்தில் சாய்ந்து ஒரு டிரைவர் பல் குத்திக்கொண்டிருந்தான். ராஜா கையை நீட்டி, “இந்த மலைகள் உள்ளவரை” என்று லாரியைக் காட்டினார். மலைக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்போது வாசலில் மேகத்தார் யாரிடமோ போனில், “ஆமாம்மா, பேரு பெருசாவே வருமாம்” என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தான். மலைக்காரர் அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டார்.

குழு அவசரமாகக் கூடியது. இருவருமே இல்லாத வேலைக்காரர்கள் என்பதால் யாருக்குத் தருவது என்று சிக்கலானது. செயலாளர் அம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். “மேகம் மூணு வாரம். மலை நாலு மாசம். மேகம் இல்லாததைவிட மலை இல்லாதது அஞ்சு பங்கு பெருசு சார். போதாததுக்கு இது தவறி நடந்தது இல்லை, மனசார அணைச்சிருக்காரு. மேகத்துக்கு ஏற்கெனவே ஒரு மார்க் குறைச்சாச்சு.”

“தியாகம்” என்றார் தலைவர். மலைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பெயர் கிடைத்தது.

“படம் எடுத்தவங்க பாத்தா கேக்க மாட்டாங்களா?” என்று உறுப்பினருக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. இயக்குநர் மலையோடு சேர்த்துப் பார்த்துப் போன மாதமே ஒப்புதல் கொடுத்துவிட்டார், இரண்டாம் தடவை பார்க்கிற வழக்கம் இல்லை. கடைசிச் சோதனைப் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. நிறம் சரியா, அளவு சரியா, கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருந்தது. மலை இருக்கிறதா என்று எங்கும் கேட்கவில்லை. படம் போய்ச் சேர்ந்தது.

படம் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேகத்தார் தன் மேகத்தைத் திறந்து அனுப்பிவிட்டிருந்தான். “பேருதான் இல்லைன்னு ஆயிடுச்சு. மேகமாவது இருக்கட்டுமேண்ணா” என்றான் மலைக்காரரிடம். கோபமே இல்லாமல் சொன்னான்.

படம் வெளியான அன்று நிறுவனமே குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனது. மலைக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். மச்சானுக்குத் தானே டிக்கெட் எடுத்து, கண்ணில் படும்படி முன்வரிசையில் உட்காரவைத்தார். அவருக்கு ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மேகத்தார். அவன் அங்கே உட்காரவேண்டும் என்று இவர்தான் ஏற்பாடு செய்தார். திரையில் பெயர் வரும்போது அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். ஒரே ஒரு தடவை. இரண்டு வருடம் தான் எரிந்த நெருப்பில் ஒரு பொறி அவன் முகத்தில் தெரிந்தால் போதும், பிறகு அவனை மன்னித்துவிடலாம்.

இடைவேளைக்கு முன்னால் ராணி மாடத்துக்கு வந்தாள். மேகம் திரண்டது. தியேட்டரே கொஞ்சம் இருண்டதுபோல இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், “துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேங்க” என்றாள். பிறகு, “சினிமாலதான் மழை வருது” என்று தானே சிரித்துக்கொண்டாள். மேகத்தார் கண்ணை மூடிக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு ராஜா கோட்டை உச்சியில் ஏறினார். கையை நீட்டினார். “இந்த மலைகள் உள்ளவரை என் குடி வாழும்” என்றார். பல் குத்திக்கொண்டிருந்த டிரைவர் குச்சியைத் துப்பினான்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு தியேட்டரே கவிழ்ந்துவிட்டது. சீட்டி பறந்தது. “லாரி வாழ்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ராஜா செத்துப்போன காட்சியிலும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

“ஏங்க” என்றாள் மனைவி, இவர் காதருகில். “நம்ம மலை எங்கங்க?”

“அணைச்சிட்டேன்” என்றார்.

“அந்த வீடு?”

அவர் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகினார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படம் முடிந்தது. பெயர்கள் ஏறத் தொடங்கினால் ஜனங்கள் எழுந்து வண்டியை எடுக்க ஓடுவார்கள், அதுதான் உலக வழக்கம். அன்று ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அந்த மலையை யார் செய்தது என்று தெரிந்துகொண்டு போகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பெயர் போனது, யோகா ஆசிரியர் போனார், பெயர்த் தேர்வு மூவரும் போனார்கள். பிறகு ‘பின்னணி ஓவியம்’ என்று வந்தது. அதன் கீழே, திரைக்கு நடுவில், தலைப்பெழுத்தோடு, தன்னந்தனியாக அவர் பெயர். முந்நூறு பேர் அதை ஒரே குரலில் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். முன்வரிசையில் மச்சான் சீட்டில் சரிந்து தலையை மறைத்துக்கொண்டான்.

மலைக்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. இதற்காகத்தானே எல்லாம் என்று மெல்லப் பக்கவாட்டில் திரும்பி மேகத்தாரின் முகத்தைப் பார்த்தார்.

அவன் திரையைப் பார்க்கவே இல்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் அந்த அம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டே, “சீக்கிரம் வாங்க, துணி நனைஞ்சிடும்” என்று கணவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். மேகத்தார் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, உலகத்தில் வேறு எதுவும் வேண்டாதவன்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மலைக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.